செவ்வாய்க்கிழமைக் கப்பலில் வந்தவர்

அனர்கிரோஸ் என்றால் எங்கள் மொழியில் காசில்லாதவன் என்று பொருள். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த இரண்டு புனிதர்களுக்கு இருந்த பெயர் அது. குழந்தைக்கு ஆசையாக வைக்கிற பெயர்தான். ஆனால் அந்தப் பெயரோடு ஒருவர் ஏதென்ஸில், எந்தக் கப்பலுக்கு அரசாங்கம் எவ்வளவு மானியம் தரலாம் என்று பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் என் கணவர் நிகிஃபோரோஸ் குடித்துக்கொண்டிருந்த காப்பியைச் சட்டையில் சிந்திவிட்டார்.

"காசில்லாதவன் கையிலயா கஜானாவைக் கொடுத்திருக்காங்க? உருப்பட்ட மாதிரிதான்" என்றார்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஜூன் மாதம். அனிமூஸா தீவில் கப்பல் டிக்கெட் விற்கிற கடை என்னுடையது. துறையில் இறங்கியதும் கண்ணில் படுகிற முதல் கட்டடம். கப்பல் வந்தால் கயிறு பிடித்துக் கட்டுவது நிகிஃபோரோஸ். மற்ற நேரம் மீன்பிடிப்பு. குளிர்காலத்தில் நூற்று அறுபது பேர் இருக்கிற தீவுக்கு லாபத்தை நம்பி எந்த முதலாளியும் கப்பல் விடமாட்டான். அரசாங்கம் பணம் கட்டினால் விடுவான். அப்படிப்பட்ட கடல்வழிகளுக்கு மலட்டுத் தடம் என்று பெயர். எங்கள் தடத்தில் அப்போது வாரத்துக்கு நான்கு கப்பல். அதில் உண்மையிலேயே எத்தனை பேர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள் என்று நேரில் எண்ணிப் போகத்தான் அனர்கிரோஸ் வந்தார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடும், கணவனை விட்டு வந்த தங்கையோடும் இருந்தார். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. என் கடை வாசலில் நின்று, இறங்குகிற ஒவ்வொரு தலைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டார். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் இறங்கியபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கு டிக்கெட் உண்டா?" என்று அவர் கேட்டதில் கேலி துளியும் இல்லை.

அன்று மாலை குளிக்கப் போன இடத்தில் பாறையில் ஒட்டியிருந்த கடல் முள்ளெலியின் மேல் காலை வைத்துவிட்டார். பாதம் முழுக்கக் கறுப்பு முள். நிகிஃபோரோஸ்தான் கைத்தாங்கலாக சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே எவாந்தியா இருந்தாள்.

எவாந்தியா எங்கள் தீவின் ஒரே நர்ஸ். வடக்கே மலைநாட்டில் பிறந்தவள். முப்பது வயதில் இரண்டு வருடத்துக்கென்று வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. டாக்டர் வருவார், போவார். பாதி வருடம் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். எவாந்தியா மட்டும் போகவில்லை. என் நெருங்கின தோழி. சத்தமாகப் பேசுவாள், சிகரெட் பிடிப்பாள், ஊசி போடும்போது மட்டும் பூப்போலக் கை வரும்.

ஆலிவ் எண்ணெய் தடவித் தடவி ஒவ்வொரு முள்ளாக எடுத்தாளாம். எடுத்த முள்ளை அவர் எண்ணிக்கொண்டே இருந்தாராம். "முப்பத்தொண்ணு" என்று அவர் சொன்னதும், "இன்னொண்ணு உள்ள இருக்கு. அதை நாளைக்குத்தான் எடுக்க முடியும்" என்றாளாம். பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள். உள்ளே ஒன்றும் இல்லை.

மறுநாள் காற்று எழுந்தது. நான்கு நாள் கப்பல் இல்லை. ஐந்தாம் நாள் கிளம்பும்போது அவர் கழுத்துப் பட்டன் திறந்திருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்து ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் போவார். துறையில் எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நிகிஃபோரோஸ் கயிறை வீசி எறிந்துகொண்டே, "மாப்ளே, இன்னிக்கு எத்தனை தலை?" என்று கத்துவார். அனர்கிரோஸ் மேல்தளத்திலிருந்து, "பத்தொன்பது, ஒரு ஆடு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். முந்தின நாளே மண்சட்டியில் போட்டு அடுப்படியில் விட்ட கொண்டைக்கடலை, எலுமிச்சை பிழிந்த கீரை, காய்ந்த ரொட்டி, நிகிஃபோரோஸ் பிடித்தது எதுவோ அது. மூன்று மணிக் கப்பலுக்கு இரண்டரைக்கே அவர் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். எவாந்தியா எழுந்து போய் அவர் எதிரிலிருந்த கடிகாரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டுவாள்.

அவள்தான் ஏதென்ஸுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. மாற்றல் கேட்டு மூன்று தடவை எழுதினாள். இரண்டாயிரத்துப் பத்து மார்ச்சில் உத்தரவு வந்தது. நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் இடம் தயார். அனிமூஸாவுக்கு மாற்று நர்ஸ் வந்ததும் புறப்படலாம் என்று எழுதியிருந்தது. நாங்கள் ஒரு கிடா வெட்டினோம். அவள் திரைச்சீலைகளை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஏதென்ஸ் வீட்டு ஜன்னல் அளவு வேறாம்.

மாற்று நர்ஸ் வரவில்லை. அந்த வசந்த காலத்தில்தான் நாடு கடனைக் கட்ட முடியாமல் வெளியே கைநீட்டியது. கொடுத்தவர்கள் பற்றாக்குறையைக் குறைக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் ஓய்வுபெற்றால் ஒருவரைத்தான் புதிதாக எடுக்கலாம் என்று சட்டம் வந்தது. நூற்று அறுபது பேர் இருக்கிற தீவுக்கு அந்த ஒருவரை யார் அனுப்புவார்கள்? எவாந்தியாவின் ஜன்னல்கள் அந்தக் கோடை முழுக்கத் திரை இல்லாமல் இருந்தன. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். "வாங்கினா போகமாட்டேன்னு ஆயிடும்" என்றாள்.

அனர்கிரோஸின் சம்பளம் இரண்டு தடவை வெட்டப்பட்டது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் கொடுத்துவந்த கூடுதல் சம்பளம் நின்றது. அம்மாவின் பென்ஷன் குறைந்தது. தங்கை வேலை பார்த்த துணிக்கடை மூடிவிட்டது. அந்த வீட்டில் மூன்று பேருக்கும் அவர் வருமானம் ஒன்றுதான். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று செப்டம்பர். ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு பிரஷர் பார்க்க எவாந்தியாவிடம் போயிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். அனர்கிரோஸ் கப்பலிலிருந்து நேரே அங்கே வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எவாந்தியா, அக்டோபர் ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாரத்துக்கு ஒரு கப்பல்தான்" என்றார்.

"யார் சொன்னா?"

"நான்தான் எழுதினேன்."

அவள் காற்றடித்துக்கொண்டே இருந்தாள். என் விரல் நுனி மரத்துப் போயிற்று.

"என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை நீ ஆபீஸ்ல இருப்பே."

"இருப்பேன்."

"ஏண்டி, என் கை போகுது" என்றேன். அப்போதுதான் விட்டாள்.

அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மலட்டுத் தடங்களுக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க உத்தரவு. எந்தத் தடத்தில் குறைப்பது என்று பட்டியல் போட வேண்டியது அவர். கடைசி இடத்துக்கு இரண்டு தீவுகள் போட்டி. குளிர்காலத்தில் எங்களுக்குச் சராசரி இருபத்துமூன்று பயணி, அந்தத் தீவுக்கு இருபத்தொன்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வெட்டு அவர்களுக்குத்தான் விழ வேண்டும். அவருடைய மேலதிகாரியே அப்படித்தான் சொன்னாளாம்: "உங்க தீவு தப்பிச்சுதுன்னு வச்சுக்கங்க அனர்கிரோஸ். யார் கேக்கப் போறா?"

"அப்புறம்?" என்றாள் எவாந்தியா.

"அங்க நாலு பேர் வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கக் கப்பல் ஏறிப் போறாங்க. அதை நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அவங்களுக்கு ஒரே கப்பல்னா..." பையைக் கீழே வைத்தார்.

எவாந்தியா பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். மூடியை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

"நீ அவங்க கப்பலை வெட்டிட்டு வந்து நின்னிருந்தா உன்னை உள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றாள். "நம்ம கப்பலை வெட்டிட்டு வந்து நிக்கிறே. இப்ப உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. போய்க் கை கழுவு. சாப்பிடலாம்."

தீவு அவ்வளவு பெருந்தன்மையாக இல்லை. மறுநாள் காப்பிக்கடையில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து உள்ளே போனார்கள். நிகிஃபோரோஸ் எழவில்லை. அதற்கு பதில் ஊருக்கே கேட்கிற குரலில் பேசினார்.

"வாங்க, வாங்க. ஏதென்ஸ்லேர்ந்து பற்றாக்குறை வந்திருக்கு. நாற்காலி போடுங்க. ஏன் மாப்ளே, எங்க தலையை எண்ணி எண்ணிக் கடைசியில எங்க தலையிலயே கை வச்சுட்டியே. நூத்தறுபது பேர் காப்பி குடிக்கிறதாலயா நாடு முங்கிப்போச்சு?"

அனர்கிரோஸ் காப்பியை இறக்கி வைத்தார். "இல்ல. என்னை மாதிரி ஆளுங்களால" என்றார். "பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிசம்பர்ல, கப்பல் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை அந்த வருஷக் கணக்குல காட்டாதேன்னாங்க. அடுத்த வருஷத்துல தள்ளி வை, இந்த வருஷம் பற்றாக்குறை கம்மியாத் தெரியட்டும்னாங்க. தள்ளி வச்சேன். கையெழுத்தும் போட்டேன். மறுவருஷமும் அதையே செஞ்சேன். எனக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன் பங்குக்கு ஒண்ணைத் தள்ளி வச்சான். சின்னத் தொகைதான் நிகிஃபோரோஸ். ஆயிரம் மேசை இருந்துது. இனிமே பொய்யா ஒரு வரி எழுதக் கூடாதுன்னு இருக்கேன்."

"அதுக்கு எங்க கப்பல்தான் கிடைச்சுதா?"

"முதல்ல வந்த வரி அது."

நிகிஃபோரோஸ் அன்றிலிருந்து கயிறு கட்டும்போது மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

புதிய ஏற்பாட்டில் கப்பல் திங்கள் மாலை ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் புறப்பட்டு, வழியில் ஆறு தீவுகளைத் தொட்டு, செவ்வாய் மத்தியானம் எங்களிடம் வரும். நாற்பது நிமிடம் நிற்கும். அதே வழியில் திரும்பிப் போகும். இறங்கினால் அடுத்த செவ்வாய் வரை இங்கேதான். ஒரு வாரம் லீவு வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அவருக்குக் கிடைக்காது. மற்றபடி மாதம் ஒரு முறை, இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, நாற்பது நிமிடத்துக்காக வருவார். போக வரப் பலகை இருக்கையில் முப்பது மணி நேரத்துக்கு மேல். படுக்கை அறைக்குக் காசில்லை.

அந்த நாற்பது நிமிடம் என் கடையில்தான். பின்பக்கம் இருந்த சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தேன். எவாந்தியா சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துவருவாள். அவர் சாப்பிடுவார், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன பேசுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவர் அம்மாவின் முழங்கால், இவள் கேட்டிருந்த மருந்துப் பெட்டி வந்ததா இல்லையா, மழைத்தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசல். ஒரு தடவை உள்ளே ஒரு சத்தமும் இல்லாததால் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுப்பு என்று சைகை செய்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். கப்பல் ஊதிய பிறகுதான் எழுப்பினாள்.

இன்னொரு செவ்வாய் அவள் வரவில்லை. மேல்கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, குழந்தை தலை மேலாகவும் கால் கீழாகவும் இருந்தது. அனர்கிரோஸ் வாசலில் நின்று மேட்டிலிருந்து இறங்கும் பாதையையே பார்த்தார். காப்பி கொடுத்தேன். ஆறிப்போயிற்று. முப்பதாவது நிமிடம், "அந்தக் குழந்தை நல்லாப் பொறக்கட்டும்" என்றார். ஊதல் கேட்டதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் கேட்டிருந்த கை உறைகள், இரண்டு பெட்டி. அரசாங்கம் அனுப்பாததால் சொந்தக் காசில் வாங்கியது. குழந்தை நன்றாகப் பிறந்தது. கப்பல் முனையைத் தாண்டியபோது எவாந்தியா ஓடிவந்தாள். துறையின் ஓரம் வரை ஓடினாள். முன்கை வரைக்கும் ரத்தம் காய்ந்திருந்தது. கையை ஆட்டக்கூட இல்லை, அப்படியே நின்றாள்.

அந்த வாரம்தான் அவள் ராஜினாமா எழுதினாள்.

"போதும் ஸபேத்தா" என்றாள் என்னிடம். "எனக்கு நாப்பத்தொன்பது ஆகுது. மாற்று ஆள் வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். ஏதென்ஸ்ல கிழவிங்களுக்கு வீடு வீடாப் போய் ஊசி போட்டாவது பிழைச்சுக்கிறேன்."

அவள் போனால் எங்களுக்கு ஊசி போடக்கூட ஆளில்லை. ஆனாலும், "போடி. நிம்மதியா இரு" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு இன்றும் ஒரு சின்னப் பெருமை உண்டு.

அடுத்த தடவை அனர்கிரோஸ் வந்தபோது அந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாள். தபாலில் போட்டால் தொலைந்துவிடும், நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடு என்றாள். அன்று என் அறையில் அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏதோ கட்டில் வாங்குவதைப் பற்றிப் பேச்சு.

ஒரு மாதம் பதில் இல்லை. இரண்டாவது மாதமும் இல்லை, அவரும் வரவில்லை. மூன்றாவது மாதம் அவர் வந்தார். வழக்கமான பையோடு வந்து, உட்காராமல், சட்டையின் உள்பையிலிருந்து அதே உறையை எடுத்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் மடிந்து அழுக்காகியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"கொடுக்கல" என்றார். "மூணு தடவை வாசல் வரைக்கும் போனேன். நீ போனா இந்த இடத்தையே எடுத்துடுவாங்க எவாந்தியா. காலியான பதவிகளோட பட்டியல் எங்க ஆபீஸுக்கும் வருது. காலியானா அழிச்சுடறாங்க. அப்புறம் எப்பவும் இங்க நர்ஸ் கிடையாது. அதைச் சொல்லாம கொடுக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நீ இன்னொரு தடவை சொல்லு, நாளைக்கே கொடுத்துடறேன்."

அவள் உறையை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு மாசமா நான் பெட்டி கட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

"தெரியும்."

"கப்பலைப் பத்தி நீ எழுதினே. அது உன் வேலை. இது என் காகிதம். இதுல என்னத்தை எண்ணிப் பார்த்தே நீ? நூத்தறுபது ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?"

"அப்படி இல்ல..."

"அப்படித்தான். நான் போனா இங்க என்ன மிச்சம் இருக்கும்னு உனக்குத் தெரிஞ்சுது. நான் வராட்டி உனக்கு என்ன மிச்சம் இருக்கும்னு நினைச்சியா? என்னையும் ஒரு பதவியாத்தானே பார்த்திருக்கே."

இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. அவள் எழுந்து மேட்டுப் பாதையில் ஏறிப் போய்விட்டாள். அவர் அந்த இருபத்தைந்து நிமிடமும் மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த செவ்வாய் அவளே கடிதத்தைத் தபாலில் போட்டிருக்கலாம். தபால்தலை என் கடையிலேயே விற்கிறேன். போடவில்லை. பெட்டியைப் பிரித்தாள். கொடுத்த திரைச்சீலையைக் கேட்டு வாங்கி மாட்டினாள். அவள் போட மாட்டாள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அவள் துறைக்கு இறங்கவில்லை. அவர் வருவதை நிறுத்தவில்லை. மாதம் தவறாமல் செவ்வாய்க்கிழமை வருவார். மருந்துப் பொட்டலத்தை என்னிடம் கொடுப்பார். பாதையைப் பார்த்து நிற்பார். சொல்லிக்கொண்டு போவார். "அவ நல்லா இருக்காளா?" என்பது ஒன்றுதான் கேள்வி. நான் பொட்டலத்தை மேலே கொண்டுபோவேன். எவாந்தியா மருந்துகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, சுற்றியிருந்த காகிதத்தை மடித்து இழுப்பறையில் வைப்பாள். வெறும் பழுப்புக் காகிதம், அவர் ஒரு எழுத்துகூட அதில் எழுதியிருக்க மாட்டார். இழுப்பறை நிரம்பியிருந்தது.

இரண்டாயிரத்துப் பதினான்கு பிப்ரவரியில் நிகிஃபோரோஸ் வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு படகிலேயே சரிந்தார். பக்கத்துப் படகுக்காரர்கள் இழுத்துவந்தார்கள். வெளியே பேய்க்காற்று, ஹெலிகாப்டர் எழும்ப முடியாது என்றார்கள். டாக்டர் நாற்காலி ஒரு வருடமாகக் காலி. எவாந்தியா இரண்டு தடவை நின்றுபோன இதயத்தை மின்சாரம் கொடுத்து ஓட வைத்தாள். பதினேழு மணி நேரம் அவர் பக்கத்திலிருந்து நகரவில்லை. மறுநாள் காற்று இறங்கி, கடற்படைப் படகு வந்து பெரிய தீவின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்வரை ஒரு கையால் நாடியையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நிகிஃபோரோஸ் பிழைத்து வந்த பிறகு ஒரு நாள் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்தக் காகிதம் அவர் பையிலேயே கிடந்ததாலதான் என் புருஷன் உயிரோட இருக்கார்."

எவாந்தியா சிகரெட்டை அணைத்தாள். "அது எனக்குத் தெரியாதா?" என்றாள். "அதனாலதான் கோவத்தைத் தூக்கிப் போடவும் முடியல, வச்சுக்கவும் முடியல."

அடுத்த முறை அனர்கிரோஸ் வந்தபோது நிகிஃபோரோஸ்தான், கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியும் கேட்காமல், கயிறைப் பிடித்துக் கட்டினார். கட்டிவிட்டு மேல்தளத்தைப் பார்த்துக் கத்தினார்: "மாப்ளே, எத்தனை தலை?"

அனர்கிரோஸ் எண்ணியிருக்கவில்லை. இறங்கி வந்து நிகிஃபோரோஸைக் கட்டிக்கொண்டார். அன்று எவாந்தியா பாதி மேடு வரை இறங்கி வந்தாள். அங்கேயே நின்றாள். அவர் ஏறிப் போனார். பத்து நிமிடம் நின்று பேசினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பத்து நிமிடம் இருபதாகி, பழையபடி நாற்பதானது. ஆனால் கட்டிலைப் பற்றியோ ஏதென்ஸைப் பற்றியோ அவர்கள் பேசி நான் கேட்கவில்லை.

வருடங்கள் அப்படியே போயின. அவர் அம்மா இறந்தார். பற்றாக்குறை தீர்ந்து கையில் மிச்சம் நிற்கிறது என்று ஒரு நாள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். என் கடையில் யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் இரண்டாயிரத்துப் பத்தொன்பது கோடையில் வெள்ளிக்கிழமைக் கப்பலும் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலும் திரும்பி வந்தன. இரண்டு வருடம் கழித்து, தொற்றுநோய் ஓய்ந்துவந்த சமயத்தில் அனர்கிரோஸ் ஓய்வுபெற்று இரண்டு பெட்டிகளோடு இறங்கினார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

எவாந்தியா துறைக்கு வந்திருந்தாள். பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஆனால் மேட்டுப் பாதையில் ஏறாமல், என் கடைக்குப் பின்னாலிருந்த சின்ன வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அதை அவருக்கென்று வாடகைக்குப் பேசி, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள்.

"நான் ரொம்ப வருஷம் தனியா இருந்துட்டேன் அனர்கிரோஸ்" என்றாள். "என் வீட்டுக்குள்ள இன்னொருத்தர் நடக்கிற சத்தம் எனக்கு இனிமே பழகுமான்னு தெரியல. மத்தியானச் சாப்பாட்டுக்கு தினமும் வா. ஒரு மணிக்கு."

"சரி" என்றார் அவர். பதினைந்து வருடமாகக் கப்பல் பலகையில் உட்கார்ந்து வந்த மனிதர் வேறென்ன கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அன்று மாலை அவர் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, மேட்டிலிருந்த அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முந்நூறு அடி இருக்கும். கப்பலில் நின்று தீவைப் பார்ப்பாரே, அதே முகம்தான்.

இப்படி இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு மணிக்குப் போவார், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு இறங்குவார். சில நாள் அவள் கூடவே இறங்கி வந்து இருட்டும்வரை இருப்பாள். சில நாள் வரமாட்டாள். ஊரில் யாருக்கும் இது விளங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

எவாந்தியாவுக்கு வருகிற மார்ச்சில் ஓய்வு. இந்த முறை மாற்று நர்ஸ் நிஜமாகவே வருகிறாள். வோலோஸ் நகரத்துப் பெண், பெயரெல்லாம் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அனர்கிரோஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மார்ச்சுக்கு அப்புறம் என்ன பண்ணப் போறே?"

"கப்பல் ஏறப் போறேன்" என்றாள் எவாந்தியா. "யாரும் எந்த நேரமும் வந்து கதவைத் தட்டாத ஊரா ஒண்ணு வேணும். ஒரு மாசமோ ஒரு வருஷமோ. பிரேயஸ்லேர்ந்து எந்தப் பக்கம் போறதுன்னு அங்க போய் முடிவு பண்ணிக்கிறேன்."

அவர் ரொட்டியைப் பிய்த்தார். பிய்த்த துண்டை மறுபடி பிய்த்தார். நிகிஃபோரோஸ் மேசைக்கு அடியில் அவர் காலை உதைத்தது எனக்குத் தெரிந்தது.

"நானும் வரலாமா?" என்றார் அனர்கிரோஸ். "நீ வேணாம்னா வரல. கணக்கெல்லாம் ஒண்ணும் போடல. கேக்கணும்னு தோணிச்சு, கேக்கறேன்."

எவாந்தியா எழுந்தாள். அடுப்படிக்குப் போய்ச் சட்டியோடு வந்து அவர் தட்டில் இன்னொரு கரண்டி கொண்டைக்கடலை போட்டாள். கொஞ்சம் மேசையில் சிந்தியது.

"கப்பல்ல யார் வேணாலும் ஏறலாம்" என்றாள். "டிக்கெட் வாங்கணும்."

மறுநாள் காலை நான் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார், சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு.

"மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட்" என்றார்.

கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தேன். பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் தேதிகள் இருந்தன. அதற்குமேல் காலி. எங்கள் தடத்துக்கான அடுத்த வருட மானியத்துக்கு ஏதென்ஸில் இன்னும் கையெழுத்தாகவில்லை.

"இன்னும் திறக்கலை அனர்கிரோஸ்" என்றேன்.

"அந்தக் காகிதம் எந்த மேசையில நிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். பணத்தை எண்ணி என் முன்னால் வைத்தார். "நீ இதை வச்சுக்கோ. திறந்ததும் முதல்ல எங்களுக்குப் போடு."